அந்த 176-ல் எங்க அம்மாவும் இருக்கா: ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் 5, தென்காசி மாவட்டத்தில் 5, ஆகப் பத்துத் தொகுதியிலும் இந்த 2026 சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சி, என்ன கொடி என்று பார்க்கவில்லை. சீட்டு உறுதியாகி வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள், கிடைக்குமா கிடைக்காதா என்று சென்னையில் ரூம் எடுத்துக் காத்துக் கிடப்பவர்கள், கிடைக்காவிட்டால் சுயேச்சையாக நின்று காட்டுகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், எல்லாரும் படிக்கலாம். தூத்துக்குடி மாவட்டத்து 6 தொகுதிக்காரர்கள் படித்தாலும் சந்தோஷம். 1986 வரைக்கும் எல்லாம் ஒரே ஜில்லாதானே.

விஷயம் ஜனாதிபதி தேர்தல். சிரிக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் ரோடு, குடிதண்ணீர், உரிமைத்தொகை, சாக்கடை வாறுகால் என்று பேசிக்கொண்டு வரப்போகிறீர்கள், அதெல்லாம் வேண்டியதுதான், எங்கள் தெரு வாறுகாலைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் உங்களில் யார் ஜெயித்தாலும் 2027 ஜூலைவாக்கில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடப் போவீர்கள். இப்போது இருக்கிற ஜனாதிபதியின் காலம் 2027 ஜூலை 24-ல் முடிகிறது, அதற்குள் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த ஓட்டைப் பற்றி இதுவரை எந்தப் பிரசார வேனிலிருந்தும் ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "எனக்கு ஓட்டுப் போட்டால் ஜனாதிபதிக்கும் உங்களுக்காக நான் போடுவேன்" என்று ஒருத்தராவது சொன்னது உண்டா?

நான் யார் என்று கேட்பீர்கள். தாமிரபரணிக்கு வடக்கே, மேற்கே திரும்பினால் பொதிகை மலை தெரிகிற ஒரு பீடி ஊர். கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் நானும் பீடி சுற்றினேன், இப்போது தையல் மெஷின். ஆனாலும் மத்தியானம் மூன்று மணி ஆனால் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். அங்கே ஏழெட்டுப் பேர் மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரியே நனைத்துவைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, தூளை அள்ளிவைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, இது கண் பார்க்காமலே நடக்கும். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. அதனால் நான் பேப்பர் படிப்பேன். ஒரு வரி படித்தால் ஒன்பது வரி அவர்கள் பேசுவார்கள்.

அரசியல் என்றால் டீக்கடை பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் பேசுவது என்று நீங்களெல்லாம் முடிவுகட்டிவிட்டீர்கள். வண்டியை அங்கேதான் நிறுத்துகிறீர்கள், அங்கேதான் வடை சாப்பிடுகிறீர்கள். திண்ணையைத் தாண்டும்போது ஒரு கும்பிடு, "தாய்மார்களே" என்று மைக்கில் ஒரு சத்தம், அவ்வளவுதான். டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு நடுவில் பஸ் வந்துவிடும், எழுந்து போய்விடுவார்கள். திண்ணையில் ஆயிரம் பீடி முடிகிறவரைக்கும் பேச்சு நிற்காது.

2022 ஜூலை 18 அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குத்தான் ஜனாதிபதி தேர்தல். ஒருபக்கம் திரௌபதி முர்மு, இன்னொருபக்கம் யஷ்வந்த் சின்ஹா. நான் பேப்பரைப் படித்து முடிக்கவில்லை, பெரியம்மா கேட்டாள்.

"ஏட்டி, நமக்கு இதுல ஓட்டு கெடையாதா?"

"கெடையாது பெரியம்மா. எம்எல்ஏவும் எம்பியும்தான் போடுவாவ."

"அவாள் யாரக் கேட்டுப் போடுவாவ?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். நாலு வருஷம் ஆகப்போகிறது, இந்த மடலே அந்தக் கேள்வியால்தான்.

பேப்பரில் கட்டம் கட்டி ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் 152, சிக்கிமில் வெறும் 7. எம்பி என்றால் எந்த ஊராக இருந்தாலும் 700. இதைப் படித்ததும் மூத்த மதினி கையை நிறுத்திவிட்டாள். "ஒரு ஆளுக்கு 176 ஓட்டா? அது கள்ள ஓட்டுல்லா?" திண்ணையே சிரித்தது. அப்புறம் நான் விளக்கினேன். 1971 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் இருந்தவர்கள் 4,11,99,168 பேர். அதை 234 தொகுதியால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆயிரம் என்றதும் எல்லாருக்கும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. எங்களுக்குக் கூலியே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். ஆக, ஆயிரம் பேருக்கு ஒரு ஓட்டு என்று 176 ஓட்டை உங்கள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். "ஆயிரத்துக்கு ஒரு கட்டு கழிச்சுட்டுப் போடுவாவளோ?" என்றாள் சின்ன மதினி. பீடிக் கடையில் கட்டு கழிபட்டு வந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

நம் பத்துத் தொகுதிக்கும் சேர்த்தால் 1,760. தூத்துக்குடியையும் சேர்த்துப் பழைய ஜில்லாவாக எண்ணினால் 2,816.

சரி, இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. 1971-ல் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, அக்கா கைப்பிள்ளை. நான் பிறந்தது 1974. ஆக அந்த 176-ல் அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், நானும் தம்பியும் இல்லை. எங்கள் பிள்ளைகளும் இல்லை. அம்மா 2019-ல் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரேஷன் கார்டில் பேர் எடுத்தாயிற்று, வாக்காளர் பட்டியலில் எடுத்தாயிற்று, பாஸ்புக்கை முடித்தாயிற்று. ஜனாதிபதி ஓட்டுக் கணக்கில் மட்டும் இன்னும் இருக்கிறாள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, கட்டிக்கொடுத்து வந்த பெண்கள் எல்லாரும் பழைய பட்டியலில் அம்மா பேரையும் அப்பா பேரையும் தேடிக்கொண்டு அலைந்தோம். உயிரோடு இருக்கிற நான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி யாராவது எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வராதீர்கள். 1971 எண்ணை அப்படியே நிறுத்திவைத்தது 1976-ல் வந்த 42-வது திருத்தம், 2001-ல் 84-வது திருத்தம் அதை நீட்டியது, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் எண்ணிக்கை வெளிவருகிறவரை இதுதான். காரணமும் நியாயமானதுதான். அளவாகப் பிள்ளை பெற்ற மாநிலங்களுக்குத் தண்டனை கிடைத்துவிடக் கூடாது. நான் 2011 கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன், நமக்கு 308 வருகிறது, உ.பி.க்கு 496 வருகிறது. எண் ஏறுகிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் இறங்குகிறோம். எங்கள் அம்மா தம்பி பிறந்ததும் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள், மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்து சுளவை எடுத்து மடியில் வைத்தவள். உங்கள் 176 உ.பி.யின் 208-க்குப் பக்கத்தில் இவ்வளவு தெம்பாக நிற்கிறது என்றால் அதில் அவள் வயிற்றுத் தழும்புக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கேட்கிறேன், அதை யாரைக் கேட்டுப் போடுகிறீர்கள்?

அந்த வாரமே நான் ஃபோன் போட்டேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் எடுத்தார். "அண்ணாச்சி, ஜனாதிபதி தேர்தல்ல நம்ம ஐயா யாருக்குப் போடுதாவன்னு தெரிஞ்சுக்கலாமா" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். முதியோர் பென்ஷன் விஷயமா என்றார். இல்லை என்றேன். பட்டாவா என்றார். இல்லை, ஜனாதிபதி தேர்தல் என்று மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்துவிட்டு, "அதெல்லாம் தலைமை சொல்லுதபடிதாம்மா, ஒங்களுக்கு எதுக்கு அது" என்று வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, பாவம் அந்த மனுஷனுக்கு ஆச்சரியம், இப்படி ஒரு ஃபோன் அவருக்கு வந்திருக்காது.

தலைமை சொல்கிறபடி என்கிறாரே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்குக் கொறடா சொன்னதை மீறிக் கை தூக்கினால் உங்கள் பதவிக்கே ஆபத்து, அது எங்களுக்கும் தெரியும். ஜனாதிபதி தேர்தலுக்கு அது கிடையாது. கொறடா உத்தரவு போட முடியாது, கட்சித்தாவல் சட்டம் பாயாது, ஓட்டு ரகசியம். உங்கள் ஐந்து வருஷத்தில் கட்சியைப் பார்க்காமல் நீங்களாக யோசித்துப் போட முடிகிற ஓட்டு வேறு எத்தனை இருக்கிறது? 1969-ல் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே இறந்து தேர்தல் வந்தது. காங்கிரஸ் நிறுத்தியது சஞ்சீவ ரெட்டியை, நம் காமராஜரும் அந்தப் பக்கம்தான். இந்திரா காந்தி மனச்சாட்சிப்படி போடுங்கள் என்று சொல்லிவிட்டார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வரவில்லை, சீட்டில் 1, 2 என்று விருப்பத்தை வரிசையாகக் குறிப்பார்கள், அந்த இரண்டாம் விருப்ப ஓட்டையும் எண்ணித்தான் எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி 4,20,077 வாங்கி ஜெயித்தார், ரெட்டிக்கு 4,05,427. எங்கள் தெரு ரிட்டயர்டு போஸ்ட்மேன் தாத்தாவுக்கு இந்தக் கதை ரேடியோவில் கேட்டபடி மனப்பாடம். ஆளும் கட்சியே இரண்டாகப் பிளந்துபோனது அதற்குப் பிறகுதான். அவர் கதை சொல்லி முடித்துவிட்டு, "மனச்சாட்சின்னு ஒண்ணு இருந்துச்சு பாத்துக்கோ" என்பார். அது மனச்சாட்சியா, இந்திராவின் சாமர்த்தியமா என்று மூத்த மதினி கேட்பாள். இரண்டு பேரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

ஜனாதிபதி ரப்பர் ஸ்டாம்புதானே, அதற்கு எதற்கு இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் திண்ணையிலும் அந்தப் பேச்சு வந்தது, அதுவும் சூடாக வந்தது. எதிர் வீட்டு அக்கா மகள் அந்த வருஷம் நீட் எழுதிவிட்டுக் காத்திருந்தாள். பரீட்சை நடந்தது ஜூலை 17, ஜனாதிபதி தேர்தலுக்கு முந்தின நாள். நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரியில் நம் சட்டமன்றம் இரண்டாவது தடவையாக நிறைவேற்றி, அது டெல்லியில் கிடந்தது. "யாரு ஜனாதிபதியா வந்தா கையெழுத்துப் போடுவாவளோ அவங்களுக்கு நம்ம ஆளு போடட்டும்" என்றாள் அக்கா. நான்தான் குறுக்கே விழுந்தேன். கை ஜனாதிபதியுடையது, பேனா மத்திய மந்திரிசபையுடையது. மந்திரிசபை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் 74-வது பிரிவு சொல்கிறது, ஒரு தடவை மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம், திரும்பவும் அதையே அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. 2025 ஏப்ரலில் அந்த மசோதாவுக்கு ஒப்புதல் இல்லை என்று சட்டமன்றத்திலேயே அன்றைய முதல்வர் ஸ்டாலின் சொன்னார். அந்தப் பிள்ளை அதற்குள் பி.எஸ்சி. முடித்துவிட்டது.

ஆனால் தாத்தா விடவில்லை. சும்மா இருப்பதுகூட ஒரு வேலைதான் என்றார். ஜெயில் சிங் ஜனாதிபதியாக இருந்தபோது தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு மசோதா வந்தது, அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். முப்பது வருஷம் தபால் கொண்டுபோனவருக்கு அதில் ஒரு பெருமை. நம் கலாம் 2006-ல், எம்பிக்கள் சில அரசுப் பதவிகளையும் வைத்துக்கொள்ள வழிவிடும் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார், அது அப்படியே திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டார். ஆக முழு ரப்பரும் இல்லை. யார் உட்கார்கிறார் என்பதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

கலாம் என்றதும் ஒன்று. 2002-ல் அவருக்கு 9,22,884, எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சாகலுக்கு 1,07,366. ராமேஸ்வரத்துக்காரர் ஜெயித்ததில் ஊரே சந்தோஷப்பட்டது, நானும் ஸ்வீட் வாங்கினேன். பல வருஷம் கழித்துத்தான் தோன்றியது, நேதாஜி படையில் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய ஒரு அம்மாள், அதுவும் சென்னையில் பிறந்து வளர்ந்தவர், எண்பத்தேழு வயசில் போட்டியில் நின்றிருக்கிறார், அதைப் பற்றித் திண்ணையில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. நம் ஆள் என்று வந்துவிட்டால் எதிரே நிற்பது யார் என்று பார்ப்பதே இல்லை. உங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2022-க்கு வருகிறேன். சண்டை முர்மு பற்றித்தான். அவர் சந்தால் பழங்குடிப் பெண், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், 1997-ல் ஒடிசாவில் ராய்ரங்பூரில் வார்டு கவுன்சிலராகத் தொடங்கி எம்எல்ஏ, மந்திரி, ஆளுநர் என்று வந்தவர். எங்கள் திண்ணையில் ஒருத்தி வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்று தோற்றவள். அவள் உடனே, "கவுன்சிலர்ல இருந்து வந்தவளுக்குத்தான் போடணும்" என்றாள். இன்னொருத்தி, ஆள் யார் என்பது முக்கியமில்லை, நிறுத்துகிறவர் யார் என்று பார் என்றாள். நம் மாநிலத்தில் அப்போது ஆண்ட திமுக சின்ஹா பக்கம், அதிமுக முர்மு பக்கம். "ஒரு பொம்பள ஜனாதிபதியா வந்தா நம்ம ஆயிரத்துக்குக் கூலி கூடுமா?" என்று பெரியம்மா கேட்டாள். கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் கடைசியில் கை தூக்கச் சொன்னபோது அவள் முர்முவுக்குத்தான் தூக்கினாள். ஐந்துக்கு மூன்று. நான் எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன், என் ஓட்டும் ரகசியம். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது, 6,76,803-க்கு 3,80,177.

எங்கள் திண்ணைத் தேர்தலில் கை தூக்காத ஒருத்தர் உண்டு. பக்கத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பீடி சுற்ற வருகிற அக்கா. மன்னாரிலிருந்து வந்தவர், வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். அவர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார், பேச மாட்டார். 2024 செப்டம்பரில் இலங்கையில் ஜனாதிபதி தேர்தல் வந்ததே, அப்போதுதான் வாயைத் திறந்தார். அங்கே ஜனங்களே நேராகப் போடுகிறார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று விருப்பத்தைக் குறிக்கலாம், அந்தத் தடவை முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வராமல், அந்த நாட்டுச் சரித்திரத்திலேயே முதல்தடவையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணினார்கள். அநுர குமார திசாநாயக்க ஜெயித்தார். அதற்கடுத்த நவம்பரில் அமெரிக்கா. எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் அனுப்புகிற வீடியோவைப் பார்த்துவிட்டு ட்ரம்ப்பா கமலாவா என்று தெருவே இரண்டுபட்டது, 538-ல் 270 என்று சின்னப் பிள்ளைகூடச் சொன்னது. அப்போது அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு அமெரிக்காவில ஓட்டு இல்லை, ஆனா இவ்வளவு கதைக்கிறீங்கள். எனக்கு அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை. உங்கட 176-ஐப் பத்திரமா வச்சிருங்கோ." சொல்லிவிட்டு நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். அவர் குனிந்து அடுத்த இலையை எடுக்கிறவரை யாரும் ஒன்றும் பேசவில்லை.

2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி தேர்தல் வந்தபோது, திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் நிற்கிறார், நம் எம்எல்ஏவும் போடுவாரா என்று மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்கு எம்பிக்கள் மட்டும்தான் என்று சொல்லி அடக்கினேன். ஆக இது வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் எழும் பேச்சு. உங்களுக்குத்தான் தெரியாது.

நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் மானூர் இருக்கிறது. அந்தக் கோயிலில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன தகுதி வேண்டும் என்றெல்லாம் அதில் விதி எழுதியிருக்கிறார்கள், குடவோலை பற்றிச் சொல்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முந்தியது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: சபையில் எதைக் கொண்டுவந்தாலும் கூடாது கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம். எதற்கெடுத்தாலும் ஆமாம் ஆமாம் என்கிறவருக்கு என்ன தண்டம் என்று அந்தக் கல்லில் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லையோ என்னவோ.

இன்னொன்று, கேட்டால் கோபப்படாதீர்கள். ஓட்டை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொண்டு போங்கள். இந்தத் தேர்தலுக்கு மெஷின் கிடையாது, சின்னமும் கிடையாது. எம்பிக்குப் பச்சைச் சீட்டு, உங்களுக்கு ரோஸ் சீட்டு. உங்கள் பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு ஊதா மை பேனா ஒன்று கொடுப்பார்கள், அதால்தான் எழுத வேண்டும். பேருக்கு நேரே 1 என்று எண் போட வேண்டும், 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. தமிழ் எண்ணில் ௧ என்று போட்டாலும் செல்லும், ஆசை இருந்தால் அப்படிப் போடுங்கள். 2022-ல் செல்லாத ஓட்டு 53. அதில் எம்பிக்களுடையது மட்டும் 15. ஒன்றுக்கு 700 என்றால் 10,500. நம் பழைய ஜில்லா முழுவதற்கும் 2,816-தானே, அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலே டெல்லியில் படித்தவர்கள் வீணாக்கினார்கள். எங்கள் பெரியம்மா கைநாட்டு. ஓட்டுச் சீட்டு காலத்திலிருந்து போடுகிறாள், மடித்தால் மை எதிர்ப்பக்கம் ஒட்டிவிடும் என்று ஊதிக் காயவைத்து மடித்தவள். 53 என்று நான் படித்ததும், "நம்மள உள்ள விட்டிருக்கலாம்லா" என்றாள்.

ஓட்டுப் பெட்டி விமானத்தில் போனதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மாநிலத் தலைநகரங்களிலிருந்து டெல்லிக்கு அந்தப் பெட்டிக்கென்று தனி டிக்கெட், 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்று பேர் போட்டு, முன் வரிசையில் சீட்டு. பெட்டிக்கு ஜன்னல் சீட்டா என்று கேட்டுச் சின்ன மதினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் ஆயிரம் ஆயிரம் பேர் மடங்கி மடங்கி அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பறந்து போயிருக்கிறோம், எங்களுக்கே தெரியாமல். அம்மா தூத்துக்குடிக்கு மேல் எங்கேயும் போனதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நீங்கள் யாருக்குப் போட வேண்டும் என்று நாங்கள் உத்தரவு போடப்போவதில்லை, சீட்டைக் காட்டு என்று கேட்கப்போவதும் இல்லை, காட்டினால் அந்த ஓட்டே செல்லாமல் போய்விடும். 2027-ல் வேட்பாளர்கள் யார் என்று தெரிந்த பிறகு, நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு சாயங்காலம் உங்கள் தொகுதியில் ஏதாவது ஒரு திண்ணைக்கு வாருங்கள். எங்கள் திண்ணைக்கே என்றில்லை, மேலப்பாளையத்தில் இருக்கிறது, முக்கூடலில் இருக்கிறது, ஆலங்குளத்தில் இருக்கிறது, பீடி சுற்றாத ஊரில் வேப்பமரத்தடி இருக்கிறது. உட்கார்ந்து, இன்னார் நிற்கிறார்கள், நான் இவருக்குப் போடலாம் என்றிருக்கிறேன், காரணம் இது என்று சொல்லுங்கள். கட்சி சொன்னதால்தான் என்றால் அதையே சொல்லுங்கள், அதுவும் ஒரு பதில்தான். நாங்கள் நாலு கேள்வி கேட்போம். பெரியம்மாவின் கேள்வி உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இதற்குச் சம்மதம் என்றால் இந்தத் தேர்தலிலேயே, எங்கள் தெருவில் வண்டி நுழையும்போது மைக்கில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். "176-க்கு வருவேன்" என்றால் போதும், எங்களுக்குப் புரிந்துவிடும். சொல்லாதவர்களையும் குறித்துவைத்துக்கொள்வோம், எழுதிவைக்க பீடிக் கணக்கு நோட்டு இருக்கிறது.

வருகிறவர்கள் பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பின பிறகு வாருங்கள், அதற்கு முன்னால் வந்தால் பாதி ஆள் இருக்காது. மோர் தருவோம். கூட வருகிற ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், திண்ணை தாங்காது. வெள்ளைச் சட்டையில் தூள் ஒட்டினால் சட்டென்று போகாது, பழக்கமில்லாதவர்களுக்குத் தும்மலும் வரும், ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.